ஆகஸ்ட் பியர்

கார்ல் குஸ்டாவ் ஆகஸ்ட் பியர் (நவம்பர் 24, 1861 – மார்ச் 12, 1949) செருமனியைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆவார். முதுகுத் தண்டுவடத்தைச் சூழ்ந்துள்ள நீரில் மருந்தைச் செலுத்தி, உடலின் கீழ்ப்பகுதியை மட்டும் உணர்விழக்கச் செய்து அறுவை செய்யும் முறையை 1898 ஆம் ஆண்டில் முதன்முதலாக நடைமுறைப்படுத்தியவர் இவரே. கையின் சிரைவழி மருந்து செலுத்தி அக்கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையையும் இவர் 1908 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினார். அம்முறை இன்றும் பியர் முறை என்றே அழைக்கப்படுகிறது.

சீழ் பிடித்த புண்களின் மீது கண்ணாடிக் கிண்ணங்களைப் பொருத்திக் காற்றை உறிஞ்சி எடுத்து, அவ்விடத்திற்குக் குருதியை வரவழைக்கும் மருத்துவத்தையும் பியர் தம் உதவியாளர் ருடால்ஃப் கிளாப்புடன் சேர்ந்து வளர்த்தார். இவர் காலத்திலேயே மங்கிப்போன இம்முறை, 20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எதிர்மறை அழுத்தக் காய மருத்துவம் வேறு வடிவில் வந்தபோது அதன் முன்னோடிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. முதுகெலும்பு அறுவைக்குப் பின் புண்ணில் தொற்று ஏற்படும்போது இன்று இம்மருத்துவம் பல இடங்களில் கையாளப்படுகிறது.

பிறப்பும் கல்வியும்

பியர் அன்றைய வால்டெக் சிற்றரசில் ஆரோல்சன் நகருக்கு அருகிலுள்ள ஹெல்சன் என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் இன்று செருமனியின் ஹெசன் மாநிலத்தில் உள்ளது. இவருடைய தந்தை நில அளவையாளராகப் பணியாற்றியவர். காடு சூழ்ந்த அப்பகுதியில் வளர்ந்த பியருக்கு மரங்களின் மீதும் காட்டு விலங்குகளின் மீதும் இளமையிலேயே பற்று ஏற்பட்டது. அப்பற்று இறுதிவரை நீடித்தது.

கோர்பாக் நகரில் பள்ளிக் கல்வியை முடித்தபின் பெர்லின், லைப்சிக், கீல் ஆகிய நகரங்களில் மருத்துவம் பயின்றார். சிறிது காலம் நாட்டுப்புற மருத்துவராகவும் தென் அமெரிக்கா செல்லும் கப்பலில் மருத்துவராகவும் பணிபுரிந்தார். 1888 ஆம் ஆண்டில் கீல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அங்கிருந்த அறுவை மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தார்.

கீல் நகரில்

அம்மருத்துவமனையின் தலைவர் ஃபிரீட்ரிக் ஃபொன் எஸ்மார்க். போர்க்கள மருத்துவத்திலும் முதலுதவிப் பயிற்சியிலும் பெயர் பெற்றவர். கை அல்லது காலில் ரப்பர்ப் பட்டையை நுனியிலிருந்து மேல்நோக்கி இறுக்கிச் சுற்றிக் குருதியை வெளியேற்றிவிட்டு, மேலே ஒரு கட்டுப் போட்டுக் குருதியின்றி அறுவை செய்யும் முறையை இவர் 1873 ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தார். ஆசிரியர் குருதியை அகற்றுவதற்குப் பயன்படுத்திய அந்தப் பட்டையையே மாணவர் பின்னர் குருதியைத் தேக்கி வைப்பதற்கும், மருந்தை ஓர் உறுப்பில் அடைத்து வைப்பதற்கும் பயன்படுத்தினார்.

எஸ்மார்க்கைப் போலவே கீலில் இருந்த மற்றொரு பேராசிரியரும் பியரின் வாழ்வில் முதன்மையானவர். ஹைன்ரிக் குவின்கே என்னும் அம்மருத்துவர், இடுப்புப் பகுதியில் இரு முள்ளெலும்புகளுக்கு இடையே ஊசியைச் செலுத்தி மூளைத் தண்டுவடத் திரவத்தை எடுக்கும் முறையை 1891 ஆம் ஆண்டில் விளக்கியிருந்தார். மூளைக்காய்ச்சல் போன்ற நோய்களில் அழுத்தத்தைக் குறைப்பதே அவருடைய நோக்கம். நீரை வெளியே எடுக்கும் அவ்வழியாக மருந்தை உள்ளே செலுத்தினால் என்ன ஆகும் என்று பியர் எண்ணினார்.

தண்டுவட மயக்கமருந்து

அக்காலத்தில் பெரிய அறுவைகள் ஈதர் அல்லது குளோரோபார்ம் ஆவியால் நோயாளியை முழுமையாக மயங்கச் செய்து நடத்தப்பட்டன. இதனால் மூச்சுத் திணறலும் உயிரிழப்பும் நேர்ந்தன. 1884 ஆம் ஆண்டில் கார்ல் கொல்லர் கொக்கெயின் மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்யலாம் என்று காட்டியபின், நோயாளி விழித்திருக்கும்போதே வலியின்றி அறுவை செய்வதற்கான வழிகளைப் பலரும் தேடினர்.

1898 ஆகஸ்ட் 16 அன்று, 34 வயதுத் தொழிலாளி ஒருவருக்குக் காசநோயால் கெட்டுப்போன கணுக்கால் மூட்டை அகற்ற வேண்டியிருந்தது. முன்பு அவருக்கு முழு மயக்கம் கொடுக்கப்பட்டபோது கடும் துன்பம் ஏற்பட்டிருந்தது. பியர் அவருடைய இடுப்புப் பகுதியில் ஊசியைச் செலுத்தி, 0.5 விழுக்காட்டுக் கொக்கெயின் கரைசலில் 3 மில்லிலிட்டரை உள்ளே விட்டார். கால்கள் மரத்துப்போயின, அறுவை வலியின்றி முடிந்தது. பின்னர் நோயாளிக்கு வாந்தியும் தலைவலியும் ஏற்பட்டன. அம்மாதத்தில் மொத்தம் ஆறு நோயாளிகளுக்கு இம்முறை கையாளப்பட்டது. எல்லோருக்கும் கீழுடல் மரத்தது. பலருக்கும் பிறகு தலைவலியும் குமட்டலும் வந்தன.

தம்மீதே செய்த ஆய்வு

இத்துன்பங்களுக்குக் காரணம் மருந்தா, ஊசியா, நோயாளியின் உடல்நிலையா என்பது பியருக்கு விளங்கவில்லை. நோயற்ற உடலில் சோதித்துப் பார்த்தாலன்றித் தெளிவு பிறக்காது என்று கருதிய அவர், ஆகஸ்ட் 24 அன்று தம் முதுகிலேயே ஊசியைச் செலுத்துமாறு உதவியாளர் ஆகஸ்ட் ஹில்டெபிரான்ட்டிடம் கூறினார். ஊசி சரியான இடத்தை அடைந்தது. ஆனால் மருந்துக் குழாயின் முனை ஊசியின் வாயில் பொருந்தவில்லை. மருந்து வெளியே சிந்தியது. பியரின் தண்டுவடத் திரவமும் பெருமளவு வழிந்தோடியது. ஆய்வு கைவிடப்பட்டது.

உடனே ஹில்டெபிரான்ட் தம் முதுகை அளித்தார். அவருக்கு 5 மில்லிகிராம் கொக்கெயின் செலுத்தப்பட்டது. சில நிமிடங்களில் அவருடைய கால்கள் வலியை உணரவில்லை. பியர் அவருடைய தொடையில் ஊசியால் குத்தினார். எரியும் சுருட்டால் சுட்டார். காலின் முன்னெலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தார். எதுவும் வலிக்கவில்லை. ஏறத்தாழ 45 நிமிடங்களுக்குப் பின் உணர்வு திரும்பியது. அன்று மாலை இருவரும் விருந்துண்டு மதுவும் சுருட்டும் அருந்தி மகிழ்ந்தனர்.

மறுநாள் முதல் நிலைமை மாறியது. ஹில்டெபிரான்ட் வாந்தியாலும் தலைவலியாலும் வருந்தினார். அடிபட்ட கால் வீங்கி நொந்தது. பியருக்கு எழுந்து உட்கார்ந்தாலே கடும் தலைவலி வந்தது; படுத்தால் தணிந்தது. ஒன்பது நாட்கள் அவர் படுக்கையில் கிடந்தார். தம் உடலில் மருந்து சேரவே இல்லை, திரவம் மட்டுமே வெளியேறியது என்பதால், இத்தலைவலிக்குத் திரவ இழப்பே காரணமாக இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். தோல்வியடைந்த ஆய்விலிருந்து பெற்ற இக்கருத்து சரியானது என்பதைப் பிற்கால மருத்துவம் உறுதிப்படுத்தியது. தண்டுவட உறையில் ஏற்படும் துளை வழியாகத் திரவம் கசிவதே அத்தலைவலியின் காரணம் ஆகும். அதனால்தான் பின்னர் மெல்லிய ஊசிகளும், உறையின் இழைகளை வெட்டாமல் விலக்கிச் செல்லும் முனையுடைய ஊசிகளும் உருவாக்கப்பட்டன.

முன்னுரிமை பற்றிய சர்ச்சை

பியர் தம் ஆய்வை 1899 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பாரிசில் தியோடோர் துஃபியே உள்ளிட்டோர் இம்முறையை விரைந்து கைக்கொண்டனர். ஆயினும் நியூயார்க் மருத்துவர் லெனர்ட் கார்னிங் 1885 ஆம் ஆண்டிலேயே முதுகெலும்புப் பகுதியில் கொக்கெயின் செலுத்தியிருந்ததால், முதன்மை யாருக்கு என்ற சர்ச்சை எழுந்தது. கார்னிங்கின் ஊசி தண்டுவட உறைக்குள் சென்றதா என்பதில் ஐயம் உண்டு. அவர் அதை அறுவைக்கும் பயன்படுத்தவில்லை. ஆகவே தண்டுவட மயக்கத்தில் அறுவை செய்த முதல்வராகப் பியரே பெரும்பாலும் குறிக்கப்படுகிறார். பியருடன் பின்னர் பிணங்கிய ஹில்டெபிரான்ட், கார்னிங்கின் பக்கம் நின்றார்.

கொக்கெயினின் நச்சுத்தன்மை நீங்காதவரை இம்முறையைப் பொதுவாகப் பரிந்துரைக்கப் பியர் தயங்கினார். 1904-1905 காலத்தில் ஸ்டோவெயின், புரோக்கெயின் போன்ற தீங்கு குறைந்த மருந்துகள் வந்த பின்பே இது பரவலாயிற்று.

குருதியை மருந்தாக்கும் முயற்சி

வீக்கம், சிவப்பு, வெப்பம், வலி ஆகியவை அழற்சியின் அடையாளங்கள். இவற்றைப் பகையாகக் கருதி, பனிக்கட்டி வைத்தும் உறுப்பை உயர்த்தியும் குருதியை அப்புறப்படுத்துவதே அன்றைய வழக்கம். பியர் இதற்கு மாறாக எண்ணினார். தொற்றை எதிர்க்க உடல்தானே குருதியை அவ்விடத்திற்கு அனுப்புகிறது. எனவே மருத்துவர் அதைத் தடுக்காமல் துணை செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. இதயக் கோளாற்றால் நுரையீரலில் குருதி தேங்கியவர்களுக்கு நுரையீரல் காசநோய் அரிதாகவே வருகிறது என்று வியன்னா மருத்துவர் ரொக்கிட்டான்ஸ்கி கண்டிருந்தது அவருக்குத் தூண்டுகோலாயிற்று.

1890களின் தொடக்கத்தில், காசநோய் தாக்கிய மூட்டுகளுக்கு மேலே ரப்பர்ப் பட்டையை மிதமாகச் சுற்றி, குருதி திரும்பிச் செல்வதை மட்டும் மெதுவாக்கினார். நாடித் துடிப்பு நிற்கக் கூடாது. உறுப்பு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். நோயாளிக்கு வலி ஏற்படவே கூடாது என்பன அவர் வகுத்த விதிகள். வலித்தால் பட்டை தவறாகக் கட்டப்பட்டுள்ளது என்று பொருள். பின்னர் கடும் சீழ்த் தொற்றுகளுக்கும் இம்முறையை விரிவாக்கினார். 1899 ஆம் ஆண்டில் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்திலும் 1903 ஆம் ஆண்டில் பான் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரான பியர், 1903 ஆம் ஆண்டில் மிகைக்குருதி நிலையை ஒரு மருந்தாக விளக்கும் நூலை வெளியிட்டார். அது பல பதிப்புகளைக் கண்டது. பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது.

உறிஞ்சு கிண்ணங்கள்

கை கால்களில் பட்டை கட்டலாம். முதுகிலும் மார்பிலும் கட்ட இயலாது. இக்குறையை நீக்க, பான் நகரில் பியரின் உதவியாளராக இருந்த ருடால்ஃப் கிளாப் உறிஞ்சு கிண்ணங்களைச் சீர்ப்படுத்தினார். கண்ணாடிக் கிண்ணத்தின் ஒருமுனையில் ரப்பர்க் குமிழ் இருக்கும். குமிழை அமுக்கிப் புண்ணின் மீது வைத்து விட்டால், உள்ளே காற்றழுத்தம் குறையும். சுற்றியுள்ள திசுவில் குருதி பெருகும். சீழும் கிண்ணத்திற்குள் வெளியேறும். முழுக் கையையோ காலையோ உள்ளே வைக்கத்தக்க பெரிய கண்ணாடி உருளைகளும், அவற்றிலிருந்து காற்றை இழுக்கும் பம்புகளும் செய்யப்பட்டன. பிற்காலத்தில் கிளாப், முதுகெலும்புக் கோணல் உள்ள குழந்தைகளுக்கான தவழும் உடற்பயிற்சி முறையை உருவாக்கியவராகவும் அறியப்பட்டார்.

கிண்ணத்தை இடைவிடாமல் வைத்திருக்கக் கூடாது என்பது இம்முறையின் முதன்மையான விதி. 5 நிமிடங்கள் உறிஞ்சல், 3 நிமிடங்கள் ஓய்வு என மாறி மாறி முக்கால் மணி நேரம் செய்வதே வழக்கம். மிகுந்த அழுத்தத்தில் உறிஞ்சினால் திசு கருகிப்போகும் என்பதால் மிதமான உறிஞ்சலே பரிந்துரைக்கப்பட்டது. இதனால் பல சீழ்க்கட்டிகளுக்குப் பெரிய கீறலுக்குப் பதிலாகச் சிறிய கீறலே போதுமாயிற்று. புண்ணுக்குள் துணியைத் திணித்துத் தினமும் பிடுங்கும் கொடுமையும் தவிர்ந்தது. விரல்களில் சீழ் பிடித்தவர்களுக்குத் தழும்பும் விறைப்பும் குறைவாக இருந்தால் அவர்கள் மீண்டும் வேலைக்குச் செல்ல முடியும் என்பதைப் பியர் பெரிதாக மதித்தார்.

வரவேற்பும் எதிர்ப்பும்

சில ஆண்டுகள் இம்முறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும் புகழ் பெற்றது. ஆனால் ஆழமான சீழைத் திறந்துவிடத் தாமதித்து, பட்டையையும் கிண்ணத்தையும் மட்டும் நம்பிய இடங்களில் தீங்கு நேர்ந்தது. பட்டையைச் சரியான இறுக்கத்தில் கட்டுவதற்கு நாள் முழுவதும் கவனம் தேவைப்பட்டது. பல அறுவை மருத்துவர்கள் இதை எதிர்த்தனர். 1935 ஆம் ஆண்டில் சல்பா மருந்துகளும் 1940களில் பெனிசிலினும் வந்தபின் இம்முறை பெரும்பாலும் மறக்கப்பட்டது.

சிரைவழி மயக்கமருந்து

பியர் 1908 ஆம் ஆண்டில் எஸ்மார்க் பட்டையின் உதவியால் மற்றொரு முறையை வெளியிட்டார். கையிலிருந்து குருதியை வெளியேற்றி, மேலும் கீழும் இரு கட்டுகள் போட்டு, இடையிலுள்ள சிரையில் புரோக்கெயினைச் செலுத்தினார். கட்டு இருக்கும் வரை மருந்து அப்பகுதியிலேயே நின்று வலியை நீக்கியது. நீண்ட காலம் பயன்பாட்டில் இல்லாதிருந்த இம்முறை 1960களில் லிடோக்கெயின் மருந்தைக் கொண்டு புத்துயிர் பெற்றது.

பெர்லினில்

1907 ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் ஃபொன் பெர்க்மன் மறைந்ததும், பெர்லின் பல்கலைக்கழக அறுவை மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பு பியருக்கு வழங்கப்பட்டது. செருமனியின் உயர்ந்த அறுவை மருத்துவப் பதவிகளுள் ஒன்றாகிய இதில் 1932 ஆம் ஆண்டு ஓய்வு பெறும் வரை இருந்தார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அப்பரிசு அவருக்குக் கிட்டவில்லை.

நாட்டின் முன்னணித் தலைவர்கள் பலர் அவரிடம் மருத்துவம் பெற்றனர். எனினும் தொற்றுக்கு மருந்தில்லாத அக்காலத்தின் எல்லையையும் அவர் நேரில் கண்டார். குடியரசுத் தலைவர் ஃபிரீட்ரிக் ஏபர்ட், தம்மீதான அவதூறு தொடர்பான வழக்கில் ஈடுபட்டிருந்ததால் உடல்நலத்தைக் கவனிக்காமல் நாட்களைக் கடத்தினார். 1925 பிப்ரவரியில் குடல்வால் அழற்சி முற்றிய நிலையில் பியர் அவருக்கு அறுவை செய்தார். வயிற்றினுள் தொற்று பரவியிருந்ததால், பிப்ரவரி 28 அன்று ஏபர்ட் தம் 54 ஆம் வயதில் காலமானார்.

முதல் உலகப் போர்

போர்க்காலத்தில் ஆலோசகராகப் பணிபுரிந்த பியர், மேற்குப் போர்முனையில் தலையில் காயமுற்றோர் பலருக்குச் சிறு எறிகுண்டுச் சில்லுகளே மூளையைச் சிதைத்திருப்பதைக் கண்டார். அன்றைய படைவீரர்கள் தோலால் ஆன தொப்பியையே அணிந்தனர். ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரியின் பொறியாளர் ஃபிரீட்ரிக் ஷ்வேர்டுடன் இதைப் பற்றிப் பேசி, எஃகுத் தலைக்கவசம் தேவை என்று வலியுறுத்தினார். ஷ்வேர்ட் வடிவமைத்த கவசம் 1916 ஆம் ஆண்டில் படைக்கு வழங்கப்பட்டது. அறுவையால் காப்பாற்ற இயலாத காயத்தை வராமலே தடுக்கும் வழியாக அது அமைந்தது.

உடற்பயிற்சி, ஓமியோபதி, அரசியல்

1920 ஆம் ஆண்டில் பெர்லினில் தொடங்கப்பட்ட உடற்பயிற்சிக்கான செருமானிய உயர்கல்லூரியின் முதல் தலைவராகப் பியர் பொறுப்பேற்றார். காசநோய் தாக்கிய எலும்பு மூட்டுகளுக்குக் கத்தியைக் காட்டிலும் சூரிய ஒளியும் தூய காற்றும் நல்ல உணவும் ஏற்றவை என்று கருதி, அவ்வழி மருத்துவத்தை ஹோகன்லீகன் நலநிலையத்தில் ஊக்குவித்தார்.

1925 ஆம் ஆண்டில், ஓமியோபதியை ஆராயாமல் ஒதுக்கிவிடக் கூடாது என்று அவர் எழுதிய கட்டுரை மருத்துவ உலகில் கடும் கண்டனத்திற்கு உள்ளானது. ஓமியோபதி பயனுடையது என்பதற்கு நம்பத்தக்க சான்று பின்னரும் கிடைக்கவில்லை; எனவே பியரின் வாழ்வில் காலத்தால் நிலைக்காத பகுதியாக இது கருதப்படுகிறது. நாசி ஆட்சியின்போது, 1937 ஆம் ஆண்டில் செருமானியத் தேசியப் பரிசை அறுவை மருத்துவர் ஃபெர்டினான்ட் சவர்ப்ருக்குடன் சேர்ந்து பெற்றார். நோபல் பரிசைச் செருமானியர் ஏற்கக் கூடாது என்று தடை விதித்த இட்லர், அதற்கு மாற்றாக நிறுவிய பரிசு இது. அவ்வரசிடமிருந்து பெற்ற இச்சிறப்பு அவர் வரலாற்றில் ஒரு நிழலாகவே உள்ளது.

சௌவன் காடு

1912 ஆம் ஆண்டில் பிராண்டன்பர்க் பகுதியில் பேஸ்கோ நகருக்கு அருகே சௌவன் என்னும் ஊரில் ஒரு பண்ணை நிலத்தைப் பியர் வாங்கினார். மணற்பாங்கான அந்நிலத்தில் பைன் மரம் ஒன்றே வரிசை வரிசையாக நின்றது. மண்ணும் வளமிழந்திருந்தது. ஓரினக் காடு நோயுற்ற உடலைப் போன்றது என்று கருதிய அவர், இலையுதிர் மரங்களையும் புதர்களையும் இடையிடையே நட்டார். காட்டோரங்களில் காற்றைத் தடுக்கும் செடிவேலிகளை அமைத்தார். பல பத்தாண்டு உழைப்பில் அது பலவகை மரங்கள் நிறைந்த கலப்புக் காடாக மாறியது.

ஓய்வுக்குப் பின் சௌவனிலேயே வாழ்ந்து மெய்யியல் எழுத்திலும் ஈடுபட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அப்பகுதி சோவியத் ஆளுகையின் கீழ் வந்தது. 1949 மார்ச் 12 அன்று தம் 87 ஆம் வயதில் பியர் அங்குக் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அக்காட்டை இன்று அவர் பெயரிலுள்ள அறக்கட்டளை பராமரிக்கிறது.

உறிஞ்சல் மருத்துவத்தின் மறுவருகை

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்தபின் மறைந்துபோன உறிஞ்சல் கருத்து, அம்மருந்துகளுக்கும் அடங்காத புண்களின் முன் மீண்டும் தலைதூக்கியது. 1993 ஆம் ஆண்டில் செருமனியில் ஃபிளைஷ்மன் குழுவினர், தோல் கிழிந்து எலும்பு முறிந்த காயங்களில் நுரைப்பஞ்சை வைத்து மூடி உறிஞ்சும் முறையை வெளியிட்டனர். 1997 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவில் லூயிஸ் அர்ஜென்டாவும் மைக்கேல் மோரிக்வாசும் இதைப் பன்றிகளிலும் நோயாளிகளிலும் ஆராய்ந்து வெளியிட்டனர். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இது வேக் கட்டு என்றும் வழங்கப்படுகிறது.

இம்முறையில் புண்ணின் அளவிற்கு வெட்டிய நுரைப்பஞ்சு உள்ளே வைக்கப்படுகிறது. அதன்மேல் ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய தாள் காற்றுப் புகாமல் ஒட்டப்படுகிறது. ஒரு குழாய் வழியாகப் பம்பு உறிஞ்சுகிறது; பொதுவாகப் பாதரச அளவில் 125 மில்லிமீட்டர் எதிர்மறை அழுத்தம் வைக்கப்படுகிறது. கசிநீர் வெளியேறுகிறது, வீக்கம் குறைகிறது, புண்ணின் ஓரங்கள் நெருங்குகின்றன, புதிய சதை வளரத் தூண்டப்படுகிறது. மோரிக்வாசின் ஆய்வில் 5 நிமிட உறிஞ்சலும் 2 நிமிட ஓய்வும் மாறி மாறி அமைந்தபோது புதுச் சதை கூடுதலாக வளர்ந்தது. 5 நிமிட உறிஞ்சலும் 3 நிமிட ஓய்வும் என்ற பான் நகரத்து விதிக்கு இது மிக அருகில் உள்ளது. எனினும் இரண்டும் ஒன்றல்ல. பியரின் கிண்ணம் குருதியைத் தேக்குவதற்கானது, ஒரு மணி நேரத்திற்கும் குறைவாகவே வைக்கப்படும். இன்றைய கட்டு நாள்கணக்கில் இயங்குவது.

முதுகெலும்பு அறுவைப் புண்களில்

முள்ளெலும்புகளில் திருகாணிகளும் கம்பிகளும் பொருத்தும் அறுவைக்குப் பின் ஆழமான தொற்று ஏற்படுவது கடினமான சிக்கல் ஆகும். நுண்ணுயிரிகள் உலோகத்தின் மீது மென்படலமாகப் படிந்துகொள்வதால் மருந்து மட்டும் அவற்றை ஒழிப்பதில்லை. உலோகத்தை எடுத்துவிட்டால் தொற்று நீங்கலாம். ஆனால் எலும்புகள் கூடுமுன் எடுத்தால் முதுகெலும்பு நிலைகுலையும். எனவே மருத்துவர்கள் புண்ணைத் திறந்து, கெட்ட திசுவை வெட்டி நீக்கிக் கழுவி, இயன்றால் உலோகத்தை அப்படியே விட்டு, உறிஞ்சும் கட்டுப் போடுகின்றனர். கட்டு வழக்கமாக 2 அல்லது 3 நாட்களுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் தொடர்கிறது. புண் தூய்மையானதும் தையலிட்டோ, அருகிலுள்ள தசையை நகர்த்தியோ மூடப்படுகிறது. உறிஞ்சல் இங்குத் துணை மருத்துவமே. அழுகிய திசுவை அகற்றும் அறுவைக்கு அது மாற்றாகாது. இதன் பயன் குறித்த உயர்தர ஒப்பீட்டு ஆய்வுகளும் இன்னும் குறைவாகவே உள்ளன.

இங்கேதான் பியர் தொடங்கிய இரு வழிகளும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அறுவையில் தண்டுவட உறை கிழிந்திருந்து, அதன்மேல் உறிஞ்சும் கட்டுப் போடப்பட்டால், பம்பு சீழோடு தண்டுவடத் திரவத்தையும் இழுத்துவிடும். 1898 ஆம் ஆண்டில் பியர் ஒன்பது நாட்கள் அனுபவித்த தலைவலிக்கும் இதே இழப்புத்தான் காரணம். பம்பு இழுக்கும்போது இழப்பு பெரிதாகி மூளையைச் சுற்றிக் குருதிக் கசிவு ஏற்படவும் கூடும். ஆகவே உறை கிழிந்து திரவம் கசியும் புண்ணில் நேரடியாக உறிஞ்சும் கட்டுப் போடுவது தவிர்க்கப்படுகிறது. கிழிசலை மூடிக் காத்த பின்பே அதைப் பற்றி எண்ணப்படுகிறது. குருதிப்போக்கு உள்ள புண்களிலும் பெரிய குருதிக்குழாய்கள் வெளித்தெரியும் புண்களிலும் இதே எச்சரிக்கை தேவை. இக்கருவிகளால் நேர்ந்த குருதிப்போக்கு, உயிரிழப்பு ஆகியவை பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009, 2011 ஆம் ஆண்டுகளில் எச்சரிக்கை வெளியிட்டது.

தமிழ்நாட்டில்

உறிஞ்சிக் குணப்படுத்தும் கருத்து இந்நாட்டிற்குப் புதிதன்று. விலங்கின் கொம்பு, சுரைக்குடுக்கை, அட்டை ஆகியவற்றால் குருதியை உறிஞ்சும் முறைகளைச் சுசுருத சங்கிதை விளக்குகிறது. சித்த மருத்துவத்தின் 32 வகைப் புற மருத்துவங்களுள் உறிஞ்சலும் அட்டை விடலும் அடங்கும். ஆயினும் இவை கெட்ட குருதியை வெளியேற்றும் நோக்குடையவை; பியரின் நோக்கம் குருதியை உள்ளே வரவழைப்பது என்பதை வேறுபடுத்தி அறிய வேண்டும்.

தண்டுவட மயக்கமருந்து இன்று தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் மகப்பேற்று அறுவைக்கும் இடுப்புக்குக் கீழான அறுவைகளுக்கும் அன்றாடம் பயன்படுகிறது. முதுகில் போடும் ஊசி என்று மக்கள் இதைக் குறிப்பிடுவர். வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் முதுகுவலிக்கு இவ்வூசியே காரணம் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

திருப்பூருக்கு வடக்கே சேலம் – கோயம்புத்தூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பெருமாநல்லூர் போன்ற பின்னலாடைத் தொழில் ஊர்களுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயம்புத்தூரே பெரிய மருத்துவ மையமாக விளங்குகிறது. அங்கு 1978 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கங்கா மருத்துவமனை முதுகெலும்பு அறுவைக்கும் கை அறுவைக்கும் அறியப்பட்டது. அதன் நிறுவனர் ஜே. ஜி. சண்முகநாதன் ஒரு மயக்கவியல் மருத்துவர் ஆவார். இயந்திரத்தில் விரல் சிக்கியவருக்கும், நெடுஞ்சாலை விபத்தில் முதுகெலும்பு முறிந்தவருக்கும் தேவைப்படக்கூடிய மருத்துவங்களில் பியர் வகுத்த வழிகள் இன்றும் இடம்பெறுகின்றன.

மதிப்பீடு

பியரின் எல்லாக் கருத்துகளும் நிலைக்கவில்லை. ஓமியோபதி பற்றிய அவர் நம்பிக்கை கைவிடப்பட்டது. ரப்பர்ப் பட்டையால் தொற்றை ஆற்றும் முறை வழக்கொழிந்தது. தண்டுவட ஊசியும் சிரைவழி மயக்கமும் நிலைபெற்றன. உறிஞ்சு கிண்ணம் நெடுங்காலம் மறைந்திருந்து உருமாறித் திரும்பியது. உடலின் எதிர்ப்பாற்றலுக்குத் துணை நிற்க வேண்டும், அதை அளவோடும் இடைவெளிவிட்டும் செய்ய வேண்டும், நோயாளியின் வலியை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும் என்ற அவருடைய மூன்று விதிகள், எதிர்மறை அழுத்தக் கருவியை இயக்குவோருக்கும் பொருந்துவனவாக உள்ளன.